திரைக்கு முன்னே தேக நலம்

புனே அருகே முளா நதியும் பவனா நதியும் கூடுமிடத்தை ஒட்டிய தாபோடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாய் கவர்னரின் மாளிகையையும் தாவரத் தோட்டத்தையும் கண்ட ஊர். பின்னாளில் ராணுவப் பொறியியல் கல்லூரியும் அரசுப் பேருந்துப் பணிமனையும் அமைய, உடலுழைப்பாளர் நிறைந்த ஊராயிற்று. இன்றோ, ஹிஞ்சவடியில் உத்தியோகம் பார்க்கும் மகன் மடிக்கணினியோடும், பாடம் படிக்கும் பேத்தி கைபேசியோடும், ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்க்கும் தாத்தா தம் கண்ணாடியோடும் ஒரே அறையில் திரையை நோக்கி அமர்ந்திருப்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் சகஜமாகிவிட்டது.

அசையாது அமர்ந்து செய்யும் தொழிலின் உபாதைகள் புதியனவல்ல. ஓயாத இருக்கை, ஒரே திசையில் இயங்கும் கை, மனத்தின் சிரமம் ஆகிய மூன்றுமே எழுத்தர்களின் நோய்க்குக் காரணம் என்று இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1713-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். ஆகவே கணினியைப் பழிப்பதில் பயனில்லை. அதன் முன் நாம் அமரும் விதத்தைத் திருத்துவதே நிவாரணம்.

கண்கள்

நிமிஷத்திற்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண்கள், திரையில் ஆழ்ந்திருக்கையில் ஐந்தாறு முறையே இமைப்பதால், கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சலும் மங்கலும் தோன்றுகின்றன. 20 நிமிஷத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒரு பொருளை 20 விநாடி நோக்கவேண்டும் என்பது கண் மருத்துவர்கள் கூறும் எளிய விதி. ஜன்னல் வழியே தெரியும் மெட்ரோ மேம்பாலமே அதற்குப் போதும்.

ஜன்னலானது கணினித் திரைக்குப் பின்னாலும் இராமல், உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இராமல், பக்கவாட்டில் இருக்குமாறு மேஜையைத் திருப்பிப் போட்டால் கூச்சம் தணியும். நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்கள் முகத்தைத் திரையருகே கொண்டுசெல்ல வேண்டியதில்லை. கன்ட்ரோல் விசையை அழுத்தியவாறு கூட்டல் குறியைத் தட்டினால், உலாவியில் எழுத்துகள் பெரிதாகும். கைபேசியின் அமைப்புகளிலும் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உண்டு. நீல ஒளியைத் தடுப்பதாகக் கூறி விற்கும் கண்ணாடிகளை அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை. அந்தப் பணம் மிச்சம்.

கழுத்தும் கையும்

மடிக்கணினியைக் கட்டிலில் வைத்துக் குனிந்து வேலை செய்வது கழுத்துக்குப் பெருந்தீங்கு. நிமிர்ந்திருக்கையில் ஐந்து கிலோ அளவே இருக்கும் தலையின் பாரம், 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்புகளுக்கு 27 கிலோ சுமையாகிறது என்று 2014-இல் ஓர் அமெரிக்க அறுவை மருத்துவர் கணக்கிட்டார். நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் மடிக்கணினியை வைத்து, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திற்கு வருமாறு செய்து, தனி விசைப்பலகையை இணைத்துக்கொள்ளுங்கள். கால் தரையில் படியாவிட்டால், சாப்பிட உட்காரும் மணைப்பலகையே பாதங்களுக்கு ஆதாரம். கண்ணாடியின் கீழ்ப்பாகத்தால் படிப்பவர்கள் அண்ணாந்து பார்க்க நேரிடுமாதலால், அவர்களுக்கு மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்திவைக்க வேண்டும்.

மணிக்கட்டு மேலும் கீழும் மடியாமல் முன்கையோடு நேராக இருக்கட்டும். கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போனால், மணிக்கட்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம்; அதை அலட்சியம் செய்யலாகாது.

உறக்கமும் குழந்தைகளும்

படுக்கைக்குச் செல்லுமுன் பார்க்கும் பிரகாசமான திரை, உறக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. பார்க்கும் விஷயத்தின் பரபரப்போ அதனினும் கெடுதல். இரவில் கைபேசியை வேற்றறையில் சார்ஜில் போட்டுவிடுவது உத்தமம். ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் திரையே கூடாதென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. வெளியில் வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பதையும் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இணையத்தில் நோய் தேடுதல்

தலைவலி என்று தேடத் தொடங்கினால், நான்கு பக்கம் தாண்டுவதற்குள் மூளைக்கட்டியில் கொண்டுபோய் நிறுத்துவது இணையத்தின் இயல்பு. எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதையேனும் விற்கிறாரா என்னும் மூன்றையும் பார்த்த பின்னரே நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அற்புத வைத்தியத்தைப் பிறருக்கு அனுப்பாதிருப்பதும் ஒரு தருமமே. கண் எரிகிறதென்று சொட்டுமருந்தைத் தாமாக வாங்கி ஊற்றுவதும் அபாயம். ஸ்டீராய்டு கலந்தவை கண்ணின் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பறிக்கக்கூடும்.

வைத்தியரை நாடும் தருணம்

வீட்டிலிருந்தே மருத்துவரைக் கலந்தாலோசிக்க மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது; மனச்சோர்வுக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. திடீரெனப் பார்வை மங்கினாலும், கண் முன் மின்னல் தெறித்தாலும், கை பலமிழந்தாலும் திரையை மூடிவிட்டு நேரில் செல்லவேண்டும். தாபோடியில் மெட்ரோ ஏறினால், சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை இருக்கிறது.

மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை காசு செலவில்லாதவை. இன்றைக்கே மேஜையைத் திருப்பிப் போடுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், அரை மணிக்கொருமுறை எழுந்து நடங்கள்.