உறைபனிக்குப் பின் தோட்டங்களைக் காத்தல்

பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சில இரவுகளில் உறைபனி ஏற்படுவது உண்டு. 2002 டிசம்பரிலும் 2003 ஜனவரியிலும் நீடித்த குளிர் அலை, வட இந்தியாவின் மா உள்ளிட்ட பழத்தோட்டங்களுக்குப் பெருஞ்சேதம் விளைவித்தது. உறைபனி வருமுன் செய்ய வேண்டிய காப்பு முறைகள் பலரும் அறிந்தவையே. பனி அடித்த பின் செய்ய வேண்டியவை அத்தனை கவனம் பெறுவதில்லை. இழப்பின் ஒரு பகுதி, பனி ஓய்ந்த பின் காட்டும் அவசரத்தாலேயே நேருகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

சேதம் நேரும் விதம்

மேகமும் காற்றும் அற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆதலால் அது தாழ்வான இடங்களில் தேங்குகிறது. ஒரே தோட்டத்தில் மேட்டு மரங்கள் தப்பிப் பள்ளத்து மரங்கள் கருகுவதற்கு இதுவே காரணம். செடியின் திசுக்களில் பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடையே உருவாகிறது. அது செல்களுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் சவ்வு சிதைகிறது. இதனால் இலைகள் முதலில் வெந்தவை போலத் துவண்டு, பின்னர் கருத்துவிடுகின்றன.

ஆனால் இலை கருகிய மரமெல்லாம் செத்த மரம் ஆகாது. தடித்த கிளைகளும் அடிமரமும் வேரும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டினால், உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருப்பது உயிருள்ள பகுதி. பழுப்பாக உலர்ந்திருப்பது இறந்த பகுதி. எனினும் இச்சோதனையும் பனி அடித்த மறுநாளே உறுதியான விடை தராது. சேதத்தின் முழு அளவு வெளிப்படச் சில வாரங்கள் ஆகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உடனே கவாத்து செய்யலாகாது. கருகிய இலைகளும் கிளைகளும் அடுத்து வரும் பனியிலிருந்து உள் மொட்டுகளைக் காக்கும் போர்வையாகின்றன. மேலும், கவாத்து புதுத் துளிரைத் தூண்டும்; அத்துளிர் அடுத்த உறைபனிக்கு எளிதில் இரையாகும். குளிர் நீங்கிப் புதுத்துளிர் தோன்றிய பின்னரே, உயிருள்ள பகுதி தொடங்கும் இடம் வரை வெட்ட வேண்டும். பெரிய வெட்டுக்காயங்களில் போர்டோ பசை தடவுவது பூஞ்சாண நோயைத் தடுக்கும்.

இரண்டாவதாக, மண் உலர்ந்திருந்தால் அளவாக நீர் பாய்ச்ச வேண்டும். இலை இழந்த மரம் குறைந்த நீரையே உறிஞ்சும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

மூன்றாவதாக, தழைச்சத்து உரத்தை உடனே இடாமல், துளிர் வந்த பின் சிறு தவணைகளாக இட வேண்டும்.

நான்காவதாக, இலையுதிர்ந்து வெயில் படும் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது பட்டை வெடிப்பைத் தவிர்க்கும்.

ஒட்டு மரங்களில் தனிக் கவனம் தேவை. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் வேர்ச்செடியின் துளிரே. அதை வளரவிட்டால் நாட்டுக் காய்தான் கிடைக்கும். ஒட்டுக்கு மேல் உயிர் இல்லையெனில் மறு ஒட்டு அல்லது மறுநடவு செய்வதே முறை. மென்மையான தண்டுடைய பப்பாளி கடும் பனியிலிருந்து மீள்வது அரிது. வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தி, காகிதப்பூ போன்றவற்றின் கிளைகள் கருகினாலும், வேர் பிழைத்திருந்தால் அவை அடியிலிருந்து தழைக்கக்கூடும்.

பொருளாதார நோக்கு

கோதுமை வயலில் நேரும் இழப்பு ஒரு பருவத்தின் வருமான இழப்பு. மரத்தின் இழப்போ மூலதன இழப்பாகும். புதிதாக நட்ட மாங்கன்று பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே பிழைக்கக்கூடிய மரத்தை வெட்டுவது, பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் அழிப்பதற்கு ஒப்பாகும்.

குளிர் அலையும் உறைபனியும் 2012இல் மத்திய அரசின் பேரிடர் நிவாரணத்துக்குரிய இடர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பயிர்ச் சேத உதவிக்கான குறைந்தபட்ச இழப்பு வரம்பு 2015இல் 50 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நிவாரணம் விரைவாகச் சேர வேண்டுமெனில் கணக்கெடுப்பும் விரைவாக நடைபெற வேண்டும். மரத்தின் நிலையோ துளிர் பருவத்தில்தான் தெளிவாகும். முதல் கணக்கெடுப்பில் செத்ததாகக் குறிக்கப்பட்ட மரம் பின்னர் தழைக்கலாம். தப்பியதாகக் கருதப்பட்டது பட்டுப்போகலாம். சேதம் தெரிய வேண்டும் என்பதற்காக விவசாயி பராமரிப்பை நிறுத்திவைக்கும் நிலையும் உருவாகலாம்.

எனவே பழத்தோட்டங்களைப் பொறுத்தவரை, அவ்வாண்டு விளைச்சல் இழப்பை உடனடியாகவும், மரங்களின் இழப்பைத் துளிர் பருவத்திலும் என இருமுறை மதிப்பிடுவது பொருத்தமாக இருக்கும். பராமரிப்பைத் தொடர்ந்தவரின் உதவித்தொகை அதனால் குறையாது என்பதையும் தெளிவாக அறிவிக்க வேண்டும். உறைபனியைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் அதற்குப் பின்வரும் சில வாரங்களில் பொறுமையோடும் முறையோடும் செயல்பட்டால், இழந்துவிட்டதாகக் கருதிய தோட்டங்கள் பலவற்றை மீட்க இயலும்.