என்ஜினுக்குக் கடிவாளம்!

கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்ன ஸ்பிரிங். அதை மாற்றினால், 500 கிலோ எடையுள்ள டீசல் என்ஜின் வெறிகொண்டு ஓடுகிறது! அமெரிக்காவில் ஒரு விளையாட்டுக்காகவே இதைச் செய்கிறார்கள்.

1994 முதல் 1998 தொடக்கம் வரை அங்கே தயாரான டாட்ஜ் ராம் டீசல் வண்டிகளில், 'கம்மின்ஸ்' என்ஜின் இருந்தது. ஆறு சிலிண்டர். நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று வந்ததும், "போதும்" என்று எண்ணெயைக் குறைத்துவிடும்.

குறைப்பது யார்? 'கவர்னர்'! (மாளிகையில் இருக்கும் கவர்னர் அல்ல, பம்புக்குள் இருப்பவர்.)

டீசல் என்ஜினுக்குள் காற்று தாராளமாகப் போகும். எண்ணெயின் அளவுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். அளந்து கொடுக்க ஆள் இல்லையென்றால், சுமை இல்லாத நேரத்தில் வேகம் ஏறிக்கொண்டே போய், என்ஜின் உடைந்துவிடும்.

ராட்டினம் போல...

எண்ணெய் பீய்ச்சும் பம்பின் பின்புறத்தில் இரண்டு எடைக் குண்டுகள் சுழல்கின்றன. திருவிழா ராட்டினம் வேகமாகச் சுற்றினால், தொங்கும் தொட்டில்கள் வெளியே விரிகின்றன அல்லவா? அதுபோல் குண்டுகளும் விரியும். விரிந்தால் எண்ணெய் குறையும். விரியவிடாமல் உள்ளே அழுத்திப் பிடிப்பதுதான் ஸ்பிரிங்.

விறைப்பான ஸ்பிரிங் போட்டால், குண்டுகள் தாமதமாக விரியும். அதற்குள் வேகம் ஏறிவிடும். தந்திரம் இவ்வளவுதான்! 3,000 சுற்றுக்கு ஒரு செட், 4,000 சுற்றுக்கு ஒரு செட் என்று விற்பனைக்கே வந்துவிட்டன.

எதற்கு இத்தனை வேகம்? பாரம் இழுக்கும் போட்டிக்கு!

சக்கரமுள்ள பெரிய சறுக்கு வண்டியை லாரி இழுக்க வேண்டும். 300 அடி இழுத்தால் முழு இழுப்பு. சும்மா இழுக்க விடமாட்டார்கள். போகப்போக, சறுக்கு வண்டியின்மேல் உள்ள பாரப்பெட்டி முன்னே நகர்ந்து வரும். இழுவை கடினமாகும். முதலில் பிடித்த வேகம்தான் கை கொடுக்கும். நடுவில் கியர் மாற்றினால் அந்த வேகம் செத்துவிடும். அதே கியரில் 2,500 சுற்றை 4,000 ஆக்கினால், சக்கர வேகம் ஒன்றரை மடங்குக்கும் மேல்!

வால்வில் மோதும் பிஸ்டன்

இதற்கு விலை உண்டு. பிஸ்டன் மேலே போய், நின்று, கீழே திரும்புகிறது. 4,000 சுற்றில், அப்படித் திருப்பும் உறுப்புகள்மேல் விழும் இழுவிசை, 2,500 சுற்றில் இருந்ததைப்போல் இரண்டரை மடங்கு. வால்வுகளை மூடும் ஸ்பிரிங்குகளும் திணறும். வால்வு மூடத் தாமதித்தால், பிஸ்டன் அதன்மேல் மோதும். அப்புறம் என்ஜின் பழைய இரும்புதான்!

அதனால் விவரம் தெரிந்தவர்கள் வால்வு ஸ்பிரிங்கை முதலில் மாற்றுகிறார்கள். கிளட்ச்சையும் பலப்படுத்துகிறார்கள். கவர்னர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவது அசட்டுத் துணிச்சல்.

இன்னொரு பயமும் உண்டு. எண்ணெயைக் குறைக்கும் தண்டு சிக்கிக்கொண்டால், சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது. மூச்சை அடைத்தால்தான் நிற்கும். ஆகவே, போட்டி வண்டியில் காற்று நுழையும் வழியில் ஒரு மூடி வைக்கிறார்கள். மூடியை இழுக்கும் கம்பி பின்னால் சறுக்கு வண்டியோடு இணைந்திருக்கும். சங்கிலி அறுந்து லாரி பிய்த்துக்கொண்டு ஓடினால், கம்பி இழுபட்டு மூடி சட்டென்று விழுந்துவிடும்.