பலத்தைப் பார்க்குமுன் பாதையைப் பாருங்கள்

கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பணிபுரியும் நம் வாலிபர் பலர், சம்பளத்தைச் சேர்த்துவைத்துப் பெரிய எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிள் வாங்க விரும்புகின்றனர். விடுமுறையில் அதிலேயே வாளையாறு வழியாகப் பாலக்காட்டிற்கோ, போடிமெட்டு வழியாக இடுக்கியின் தேயிலைத் தோட்டங்களுக்கோ வீடு திரும்புவர்.

சுசூகி ஹயபூசாவின் எஞ்சின் 1,340 சிசி; எடையோ 260 கிலோவுக்கும் மேல். விரிந்த நெடுஞ்சாலையில் அது சீராக ஓடும். ஆனால் போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே அதன் வேகம் பயன்படாது. எடை மாத்திரமே கையில் நிற்கும். குனிந்து ஓட்டுவதால் மணிக்கட்டும் நோகும். ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 648 சிசி, 47 குதிரைத்திறன் உடையது. அதில் நிமிர்ந்து அமரலாம். எனினும் அதுவும் 200 கிலோவைத் தாண்டும்.

ஆகையால் கடையிலேயே சோதியுங்கள். இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா? எஞ்சினை நிறுத்திவிட்டுத் தனியாய்ப் பின்னோக்கித் தள்ள முடிகிறதா? இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். உண்டா? செலவையும் கணக்கிடுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்டவற்றிற்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். காப்பீடும் டயரும் தனி.

வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மழையிலும் மூடுபனியிலும் இதை மறவாதிருங்கள். பின்னால் அமர்பவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் வாங்குங்கள்.

பெற்றோரே, மகனின் விருப்பத்தை உடனே மறுக்காமல், அவனோடு கடைக்குச் செல்லுங்கள். அவன் அடக்கி நிறுத்தக்கூடிய வண்டியே அவனுக்கு ஏற்ற வண்டி.