கொலையும் கலையும்

நடந்த கொலையொன்றை நாவலாக எழுதலாமா? எழுதினால் எழுத்தாளன் எவ்வரம்புக்குள் நிற்க வேண்டும்? இவ்வினாக்களை எழுப்பிய நூல்களுள் புகழ் பெற்றது, அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி 1966-இல் வெளியிட்ட 'இன் கோல்டு பிளட்'. 'ஈவிரக்கமின்றி' என்பது அத்தலைப்பின் பொருள்.

கான்சஸ் மாநிலத்தில் ஹால்கம் ஒரு சிற்றூர். 1959 நவம்பர் 15 அன்று அங்கே உழவர் ஒருவரும், அவர் மனைவியும், பள்ளியில் பயின்ற மகளும் மகனும் கொல்லப்பட்டனர். பெரும்பணம் கிடைக்குமென்று நம்பி வந்த பெர்ரி ஸ்மித், ரிச்சர்ட் ஹிக்காக் இருவருக்கும் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவே.

பத்திரிகையில் இச்செய்தியைக் கண்ட கபோட்டி, தம் தோழி ஹார்ப்பர் லீயுடன் அங்குச் சென்றார். ஊராரிடம் பேசினார், பின்னர்ச் சிறையிலிருந்த கொலைஞரிடமும் ஆண்டுக்கணக்கில் பழகினார். பேசும்போது அவர் குறிப்பெடுப்பதில்லை, ஒலிப்பதிவும் செய்வதில்லை. பிறகு நினைவிலிருந்து எழுதுவார். அவ்வாறு எழுதியும், நூல் முழுவதும் உண்மையே என்று உறுதி கூறினார்.

நாவலின் இறுதியில், துப்புத் துலக்கிய அதிகாரி, இறந்த பெண்ணின் தோழியைக் கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கிறார். அமைதி ததும்பும் அழகிய காட்சி! ஆனால் அது நடந்ததன்று, கபோட்டியின் கற்பனை. "அதனாலென்ன? கலைக்கு அவ்வுரிமை உண்டு" என்பர் இலக்கிய அன்பர் சிலர். நான் அறிவியல் மாணவன். வரைகோட்டில் அழகாகப் பொருந்துகிறது என்பதற்காக, அளக்காத ஓர் அளவை ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதினால், அளந்த அளவுகளும் மதிப்பிழந்துவிடும். கற்பனையென்று சொல்லி எழுதுவோனுக்கு இத்தடை இல்லை. உண்மையென்று வாக்களித்தவனுக்கு உண்டு.

மற்றொன்று இதனினும் கொடிது. மேல்முறையீடுகளால் தூக்குத்தண்டனை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. முடிவு தெரியாமல் நூலை முடிக்க இயலவில்லை. அத்தாமதத்தால் தாம் பட்ட தவிப்பைக் கபோட்டியே கடிதங்களில் வெளியிட்டிருக்கிறார். 1965 ஏப்ரல் 14-இல் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டே 'நியூ யார்க்கர்' இதழில் கதை தொடராக வந்தது. தம்மிடம் உள்ளந்திறந்து பேசியவர்கள் இறந்தால்தான் தம் நூல் நிறைவுறும் என்ற நிலை, எந்த எழுத்தாளனுக்கும் வரலாகாது.

கொலைஞனையும் மனிதனாகக் காட்டியது நூலின் சிறப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஸ்மித்தின் இளமைத் துயரம் நம் நெஞ்சில் தங்கும் அளவுக்கு, மாண்ட நால்வரின் வாழ்வு தங்குவதில்லை. தம்மைப் பற்றி எழுதியது தவறென்று மறுக்கவும் அவர்களுக்கு வாயில்லை.

இன்று கொலை வழக்குகள் ஒலித்தொடராகவும் திரைத்தொடராகவும் நம் விடுதி அறைகளுக்கே வந்துவிடுகின்றன. நண்பர்களே, சுவைக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்போம்: இவற்றில் நடந்தது எது, சேர்த்தது எது? யாருடைய துயரம் நமக்குப் பொழுதுபோக்காகிறது? அதனால் கதையின் சுவை குன்றுமானால் குன்றட்டும். இறந்தோருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அவ்வளவே அன்றோ?