பச்சோந்திக்கும் தாகம் எடுக்கும்!

நேரத்துக்கு ஒரு பேச்சு பேசுகிறவனை ‘பச்சோந்தி’ என்று திட்டுகிறோம். உண்மையான பச்சோந்தியை நம்மில் எத்தனை பேர் கிட்டத்தில் பார்த்திருப்போம்? நான் முதன்முதலாகப் பார்த்தது 2023-ம் ஆண்டு மே மாதத்தில், கல்யாண் ரெயில்வே குடியிருப்பில். அதுவும் சாகக் கிடந்த நிலையில்!

இரவு டூட்டி முடிந்து காலை 8 மணிக்கு வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரே கூட்டம். அந்த வீட்டுக்காரர் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்ப்பவர், நாங்குநேரி பக்கத்துக்காரர். அவருடைய 12 வயது மகன், டிட்வாலாவில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவன், புதரில் இருந்த பச்சோந்தியைப் பிடித்து ஷூ அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிட்டான். ஐந்து நாள் ஆகிவிட்டது. சோறு வைத்திருக்கிறான், வாழைப்பழம் வைத்திருக்கிறான். பூச்சியைப் பிடித்துத் தின்னும் பிராணிக்குச் சோறு எதற்கு?

“ஏ தம்பி, மூடியில தண்ணி வச்சும் ஒரு சொட்டு தொடல. சாவட்டும்னு விட்டுர முடியுமா?” என்றார் பையனின் ஆச்சி.

ஒரு கண்ணை வடக்கேயும் ஒரு கண்ணைத் தெற்கேயும் திருப்பும் பிராணி, பட்டப்பகலில் இரண்டு கண்ணையும் மூடிக் கிடந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. விலாவில் தோல் மடிந்து மடிந்து நின்றது.

பையனின் தகப்பனார் கையில் இங்க் பில்லர். ஆச்சி எலும்பு பலத்துக்காகச் சாப்பிடும் கால்சியம் மாத்திரையை நசுக்கி, பாலில் கரைத்து அதில் நிரப்பி வைத்திருந்தார். “வாயைப் பிளந்து ஊத்திரலாமா சார்?” என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். விஷயம் தெரிந்து சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். கால்நடை முகாம் ஒன்றைப் பற்றி முன்பு செய்தி அனுப்பியபோது அறிமுகமான டாக்டர் ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “வாயில் எதையாவது ஊற்றிவிட்டீர்களா?”

இல்லை என்றதும்தான் மேற்கொண்டு பேசினார்.

கிண்ணத்தில் குடிக்காது

பச்சோந்திக்குத் தேங்கி நிற்கும் தண்ணீரைத் தண்ணீர் என்றே பெரும்பாலும் தெரியாதாம். காட்டில் இலையில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் அது தாகம் தீர்த்துக்கொள்கிறது. மூடியில் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே தாகத்தில் செத்துப்போகும்.

வாயைப் பிளந்து ஊற்றுவது அதைவிட ஆபத்து. மூச்சுக்குழாயின் வாசல் வாய்க்குள்ளேயே, நாக்கின் அடியில் இருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அன்று தப்பினாலும் பிறகு நிமோனியாவில் போய்விடும். பால், தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது என்றார் டாக்டர். வெறும் தண்ணீர் போதும்.

அவர் சொன்னபடி செய்தோம். எங்கள் வீட்டுச் செம்பருத்தித் தொட்டியை நிழலில் வைத்து, பச்சோந்தியை ஒரு கிளையில் மெல்ல ஏற்றிவிட்டோம். துணி இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் லேசான வெதுவெதுப்பில் தண்ணீர் நிரப்பி, பனி பெய்வது போல இலைகளில் அடித்தோம். இன்னொரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, குளுக்கோஸ் ஏற்றுவது போல மேலே கட்டித் தொங்கவிட்டோம். சொட்டு ஒவ்வொன்றாக இலையில் விழுந்தது. கூட்டத்தைக் கலைந்து போகச் சொன்னோம். ஆட்களைப் பார்த்தாலே அதற்குக் கிலி.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்து உதட்டோரம் இறங்கியது. வாய் அசைந்தது. இன்னொரு சொட்டு. ஒரு கண் திறந்தது. பையன் சத்தம் போடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ராமர் தண்ணீர் கேட்டபோது ஓணான் என்ன கொடுத்தது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அதைக் கேட்டு ஓணானைக் கல்லால் அடிக்காத பையன் உண்டா? நானும் அடித்திருக்கிறேன். அன்று அந்த ஜாதிக்கே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன்!

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தோம். மாலையில் அது எச்சமிட்டது. அதில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. உடம்பில் நீர் வற்றியதற்கு அதுதான் அடையாளம் என்றார் டாக்டர். கண்ணே திறக்காமல் கிடந்திருந்தால் தோலுக்கு அடியில் ஊசி மூலம் நீர் ஏற்ற வேண்டியிருக்கும். அது டாக்டர் செய்ய வேண்டிய வேலை. தண்ணீர் உள்ளே போகும் வரை பூச்சிகூடக் கொடுக்கக் கூடாது. வறண்ட உடம்புக்கு இரை ஜீரணமாகாது.

கால்சியம் எதற்கு?

அப்படியானால் கால்சியம் கொடுக்க நினைத்தது தவறா? மருந்து சரி, நேரமும் முறையும் தவறு.

ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்றை வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கிறார்கள். கூண்டில் கிடைக்கும் சில்வண்டு போன்ற பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. வெயிலும் படாவிட்டால் வைட்டமின் டி ஊறாது. டி இல்லாமல் கால்சியம் உடம்பில் ஒட்டாது. மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு மெலிந்து கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், இரையைப் பிடிக்கும் நாக்கு நீளாது. அதனால்தான் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியைத் திருநீறு பூசுவது போலப் பூச்சியின் மேல் லேசாகத் தூவிக் கொடுக்கிறார்கள். வைட்டமின் டி, ஏ இரண்டும் எப்போதாவது, அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்தான். டி மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும். மனிதர் சாப்பிடும் மாத்திரையை நசுக்கிப் போட்டால் எந்தக் கணக்கில் சேரும்? ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் உதவாது. வைட்டமின் டி ஊறவைக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன டாக்டர் கடைசியில் ஒன்று சொன்னார்: “இதை நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது, தெரியுமா?”

நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். தகப்பனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. சர்க்கார் வேலைக்காரர் ஆயிற்றே! மகாராஷ்டிரா வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்கு நானே போன் செய்தேன். மறுநாள் காலை ஒரு வனக்காவலர் வந்தார். பையனாகவே ஒப்படைக்கிறான் என்பதால் எச்சரித்ததோடு விட்டார். எந்த இடத்தில் பிடித்தான் என்று மட்டும் துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அதற்குள் பச்சோந்தி நல்ல பச்சை நிறத்துக்கு வந்திருந்தது. கிளையை விட்டு இறங்க மறுத்தது. கிளையோடு ஒடித்து, அதே ஷூ பெட்டியில் வைத்து, மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் அவரே போன் செய்தார். சிகிச்சை முடிந்து, டிட்வாலா பக்கம் அதே புதரில் விட்டுவிட்டார்களாம்.

பையனிடம் சொன்னேன். “பெட்டியைத் தருவாங்களா அங்கிள்?” என்று கேட்டான்.