உருக்குலைந்த கத்திக்கு ஏற்ற சாணைக்கல்

அரிவாளும் கத்தியும் உழவர் வீட்டில் ஓயாது உழைக்கும் கருவிகள். நெசவாளர் வீட்டிலும் கத்தியின்றி வேலை நடவாது. இவற்றின் வாயில் பல் விழுந்தாலோ, முனை முறிந்தாலோ, நம்மிற் பலர் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடுகின்றனர். வேறு சிலர் வழுவழுப்பான தீட்டுகல்லில் மணிக்கணக்கில் தேய்த்துக் கை சலிக்கின்றனர். முன்னது பொருள் நஷ்டம். பின்னது உழைப்பு நஷ்டம். தக்க கல்லைத் தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

கத்தியைத் தீட்டுவது வேறு; அதன் உருவைத் திருத்துவது வேறு. மழுங்கிய வாய்க்கு நயமான கல் போதும். ஆனால், விழுந்த பல்லின் ஆழம் வரையில் இரும்பைக் கழிக்க வேண்டுமாயின் மணி பருத்த கல்லே வேண்டும்.

மணியின் பருமனைக் கல்லின் எண்ணால் அறியலாம். நூலின் நம்பரை அறிந்த நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும். 20-ஆம் நம்பர் நூல் பருமன். 100-ஆம் நம்பர் நூல் நயம். கல்லிலும் எண் ஏற ஏற மணி சிறுக்கும். மணிகளைச் சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குல நீளத்திற்கு எத்தனை கண்கள் என்ற கணக்கிலிருந்து இவ்வெண் பிறந்தது. உருத் திருத்த 120 முதல் 220 வரையுள்ள கல் ஏற்றது. அதன் கீறல்களை மாற்ற 400 அளவுள்ள கல்லும், இறுதிக் கூருக்கு 1000 அளவுள்ள கல்லும் வேண்டும். நடுக்கல்லை விட்டுத் தாவினால் பருங்கீறல்கள் எளிதில் மறையமாட்டா.

இனி, கல்லின் பொருளைக் கவனிப்போம். மணற்கல்லில் அறுப்பது குவார்ட்ஸ் மணி. மோஸ் அளவையில் அதன் கடினம் 7. குருந்தத்தின் கடினம் 9. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றதாகும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் இக்கனிமம் இயற்கையாகக் கிடைக்கிறது. இவற்றினும் கடினமானது சிலிக்கன் கார்பைடு. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1893-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதன் மணிகள் உடையுந்தோறும் புதிய கூர்முனை வெளிப்படுவதால் இரும்பை விரைவாக அறுக்கும். கையால் தேய்ப்பதற்கு நாம் இதையே பரிந்துரைக்கிறோம்.

மின்சாரச் சாணைச் சக்கரம் விரைவானதே. ஆயினும் அதில் ஆபத்து உண்டு. நீரின்றிப் பிடித்தால் வாய் சூடேறி முதலில் வைக்கோல் நிறமும் பின்னர் நீலமும் கொள்ளும். நீலம் கண்டால் சூடு ஏறத்தாழ 300 பாகை சென்டிகிரேடை எட்டிவிட்டது என்று பொருள். அவ்விடத்தில் உருக்கு இளகிவிடும். எவ்வளவு தீட்டினாலும் கூர் நில்லாது. ஆகவே கத்தியை அடிக்கடி நீரில் தோய்த்துப் பிடிக்க வேண்டும். மணற்கல் சக்கரத்தின் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதற்கும் நீரே காப்பு.

கையால் திருத்தும் முறை இது: கல்லை நனைத்து, கத்தியின் வாயைச் செங்குத்தாக வைத்துப் பல் மறையும் வரை தேய்க்க வேண்டும். பிறகு இரு புறமும் ஒரே சாய்வில் தேய்த்து வாயை மெலிதாக்க வேண்டும். பருங்கல் விரைவில் குழி விழும். குழிந்த கல் நேரான வாயையும் கோணலாக்கும். ஆதலால் கல் முழுவதையும் பயன்படுத்துக.

இரண்டு கருவிகளுக்கு இம்முறை பொருந்தாது. கருக்கரிவாளைக் கல்லில் தேய்த்தால் கருக்கு அழிந்துபோகும். வாயில் மட்டும் உருக்கு வைத்து அடித்த அரிவாளில், பல் உருக்கைக் கடந்து விழுந்திருந்தால் தேய்ப்பது வீண். கொல்லரிடம் கொடுத்துப் புது உருக்கு வைத்துக்கொள்வதே முறை.

பருங்கல் ஒரு குடும்பத்திற்கு ஆண்டில் சில நாட்களே தேவைப்படும். ஆகவே வீட்டுக்கு ஒன்று வாங்குவதினும், சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்து அங்கத்தினர் முறைவைத்துப் பயன்படுத்துவது சிக்கனம். அடுத்த அறுவடைக்கு முன்னர் நிர்வாகக் குழுவினர் இதனை ஆலோசிக்குமாறு வேண்டுகிறோம்.