ஏடு பெயர்த்தலும் தரவு பெயர்த்தலும்

பழந்தமிழ் நூல்களை ஓலையினின்றும் அச்சுக்கு ஏற்றிய பெரியோர்கள் பட்ட பாடு இம்மலரை வாசிப்போர் அறியாததன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார்கள். உ. வே. சாமிநாதையர் அவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் அதே 1887இல் வெளிவந்தது. அவர்களுக்கு நேர்ந்த இடர்களுள் ஒன்று புள்ளியின்மை. எழுத்தாணியாற் புள்ளி குத்தின் ஓலை கிழியும்; ஆதலின் ஏடெழுதுவோர் மெய்யெழுத்தைப் புள்ளியின்றியே எழுதினர். எகரமும் ஏகாரமும் ஏட்டில் ஒரே வடிவின. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இல்லை. இவ்விடத்து நின்றது மெய்யோ உயிர்மெய்யோ என்பதைப் பொருளும் யாப்பும் இலக்கணமும் கொண்டே துணிதல் வேண்டியிருந்தது.

அப்புள்ளி அச்சு நூல்களில் நிலைபெற்றுவிட்ட இக்காலத்தில், அது மீண்டும் ஒருமுறை தொலைந்ததை யான் கண்ணாரக் கண்டேன். இம்முறை அது தொலைந்தது ஓலையிலன்று, கணினியில். காரணம் வேறு, எனினும் விளைவு வியக்கத்தக்கவாறு ஒத்திருந்தது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். யான் கணினித்துறை கற்றவனல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்ற ஒரு தமிழாசிரியன். இடர்ப்பட்டுக் கற்றதையே எழுதுகின்றேன்.

நல்லதண்ணி சிவனொளிபாத மலையின் அடிவாரத்தது. இப்பகுதியிலுள்ள ஒரு பாடசாலையின் சேர்வு இடாப்புகள் பல ஆண்டுகளுக்கு முன் கணினியில் ஏற்றப்பட்டன. மஞ்சும் ஈரமும் குறையாத ஊரில் காகிதம் நெடுநாள் நில்லாது என்பது அதற்கு ஒரு காரணம். பின்னர்ப் புதிய கணினி வந்தது. தரவுத்தள மென்பொருளும் புதிய பதிப்பாயிற்று. பெயர்களெல்லாம் அதற்கு மாற்றப்பட்டன. மறுநாட் காலை திரையில் ஒரு தமிழ்ப் பெயரேனும் இல்லை. தலையிற் கோடு சாய்ந்த பிரெஞ்சு எழுத்தும், வணிகப் பதிவுக் குறியும், இன்னும் பல கீறல்களுமே வரிசை வரிசையாய் நின்றன.

இஃது ஏன் நேர்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணைக் கொள்ளும் சிற்றறை பைற்று எனப்படும். மேனாட்டு எழுத்துகளுக்கு ஓரெழுத்துக்கு ஒரு பைற்று போதும். ஒருங்குறி முறையிற் சேமிக்கப்படும் தமிழுக்கோ, ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைற்றுகள் வேண்டும். ககரம் 224, 174, 149 என்னும் மூன்று எண்களாக நிற்கும். புள்ளி 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. கருப்பாயி என்னும் பெயர் இலக்கணப்படி ஐந்தெழுத்து. கணினியின் கணக்கில் ஒன்பது குறி, இருபத்தேழு பைற்று.

உலகெங்கும் பரவிய மை.எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளத்தில், 2004ஆம் ஆண்டில் வெளிவந்த 4.1ஆம் பதிப்பு முதலாக, ஒவ்வொரு நிரலுக்கும் இன்ன எழுத்துமுறை என்று பெயரிடும் வசதி உண்டு. பெயரிடாது விட்டால் மேனாட்டு எழுத்துமுறை என்றே அது கொள்ளும். 2018இல் வந்த 8.0ஆம் பதிப்பிலேதான் அவ்வியல்பு ஒருங்குறிக்கு மாறிற்று. ஆகவே பழைய தளங்கள் பலவற்றில், உள்ளே இருப்பது தமிழ், வெளியே ஒட்டிய சீட்டு மேனாட்டெழுத்து. உப்புச் சாடியில் சீனி என்று எழுதி வைத்த வீட்டில், எழுதி வைத்தவள் இருக்கும்வரை சமையல் கெடாது. புதிதாக வந்தவள் சீட்டை நம்புவாள். புதிய பதிப்பும் சீட்டையே நம்பி, ஒவ்வொரு பைற்றையும் தனித்தனி மேனாட்டெழுத்தாக எண்ணி, அவற்றை மீண்டும் ஒருங்குறிக்கு மாற்றுகின்றது. அப்பொழுது கருப்பாயியின் இருபத்தேழு பைற்று ஐம்பத்துநான்குக்கு மேற்படும். இதனை இரட்டைக் குறியேற்றம் என்பர்.

இந்நிலையில் மருந்தினும் நோய் நாடலே முதன்மையானது. திரையைப் பார்த்து முடிவு செய்தல் கூடாது. எண்களைப் பார்த்தல் வேண்டும். தரவுத்தளத்திடமே எண்ணுருவைக் கேட்டுப் பெறலாம். ஒரு தமிழ்ப் பெயர் 224 என்று தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 நின்றால் உள்ளீடு நலமாக உள்ளது. சீட்டு மட்டுமே தவறு. 195, 160, 194 என்று தொடங்கினால் இரட்டைக் குறியேற்றம். தலைகீழாக மாற்றி மீட்கலாம். 63, 63, 63 என்று நின்றால் அவை வினாக்குறிகள். தமிழுக்கு இடமில்லாத எழுத்துமுறைக்குள் தமிழைத் திணித்தமையால் எழுத்துக்கு ஒரு வினாக்குறி வைக்கப்பட்டது. அதிலிருந்து எவராலும் எதனையும் மீட்டல் இயலாது.

சீட்டுத் தவறாயின் அதனை நேரே மாற்றுதல் பெரும்பிழை. மேனாட்டெழுத்து நிரலை ஒருங்குறி நிரலாக மாற்று என்று கட்டளையிட்டால், தளம் கடமை தவறாது ஒவ்வொரு பைற்றையும் மாற்றி இரட்டைக் குறியேற்றத்தைத் தானே செய்து வைக்கும். முதலில் நிரலை எழுத்துமுறையே இல்லாத வெறும் பைற்று நிரலாக மாற்றுதல் வேண்டும். பின்னர் அதனை ஒருங்குறி என்று அறிவித்தல் வேண்டும். சீட்டைக் கிழித்தெறிந்த பின் புதுச் சீட்டு ஒட்டுவது போன்றது இது. இவை யாவும் ஒரு படியின்மீதே செய்யப்படல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? சொல்லத்தான் வேண்டும், ஏனெனில் யான் அவ்வாறு செய்யவில்லை.

திரையிற் குழப்பத்தைக் கண்டதும், கொண்டுவந்த கோப்பை ஒரு பதிப்பு மென்பொருளில் திறந்து, சரிசெய்வதாக எண்ணிச் சேமித்தவன் யானே. பழைய கணினி அதற்குள் துடைக்கப்பட்டிருந்தது. பின்னர் இரட்டைக் குறியேற்றத்தை முறையாகத் தலைகீழாக்கியபோது தமிழ் மீண்டது. ஆயினும் பெயர்தோறும் ஓட்டைகள் இருந்தன. ஓட்டை விழுந்த இடங்களைப் பட்டியலிட்டு நோக்கினேன். எல்லாம் புள்ளியும் உகரக் குறியும்; சொன்முதலில் ஏகாரமும் ஐகாரமும். வேறெதுவும் கெடவில்லை.

இதன் காரணம் அறிந்தபோது அயர்ந்து போனேன். விண்டோசின் மேனாட்டெழுத்து அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. உகரக் குறியின் மூன்றாம் பைற்று 129, புள்ளியினது 141, ஏகாரத்தினது 143, ஐகாரத்தினது 144. மை.எஸ்.கியூ.எல். அவ்வெறுமை இடங்களையும் சிதையாது காத்து வைக்கும். வெளியே உள்ள சில மென்பொருள்களோ அங்கு எழுத்தில்லை என்று கண்டு ஓர் ஐயக்குறியை வைத்துவிடும். தமிழில் மிகுதியாக வரும் குறிகளுள் இரண்டு அவ்வெறுமையில் விழுந்தது தற்செயலே. எழுத்தாணிக்கு அஞ்சி ஓலை இழந்த புள்ளியை, இங்கு ஓர் அட்டவணையின் வெற்றிடம் விழுங்கிற்று.

வேறொரு வகைச் சிதைவையும் கண்டோம். அதற்குப் புதிய பதிப்பு பொறுப்பன்று. பெயர் நிரலுக்கு முப்பதெழுத்து என்று முன்பு அளவு வைத்திருந்தனர். மேனாட்டெழுத்து நிரலில் முப்பதெழுத்து என்பது முப்பது பைற்றே. முத்துலெட்சுமிக்கு நாற்பத்திரண்டு வேண்டும். ஆகவே அவள் முதல்நாளிலேயே ‘முத்துலெட்’ என்று நின்றுவிட்டாள். 2015இல் வந்த 5.7ஆம் பதிப்புக்கு முன், இயல்பு அமைப்பில், அளவு மிஞ்சினால் தளம் வெட்டிவிட்டு மேற்செல்லும், மறுக்காது. இத்தகைய பெயர்களைத் தாளின்றி மீட்டல் இயலாது.

பெயரில் ஓரெழுத்து மாறினால் என்ன என்று வேறிடத்தார் கேட்கலாம். மலையகத்தார் கேளார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் வந்தபோது, எம் பாட்டன்மார் தாம் இந்நாட்டில் வாழ்ந்ததைக் கடதாசி கொண்டு நிறுவ வேண்டியவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் என்று வகுத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நாடற்றோராய் இருந்தவர்கள் உளர். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் என்றிருத்தல் இங்குச் சிறு குற்றமாக எண்ணப்படுவதில்லை. இன்றும் மாணவனுடைய அடையாள அட்டை விண்ணப்பம் அதிபர் கைவழியே செல்கின்றது. விடுகைப் பத்திரமும் இடாப்பைப் பார்த்தே எழுதப்படுகின்றது.

ஓட்டைகளை நிரப்ப அமர்ந்தோம். பெரும்பாலனவற்றை இலக்கணமே நிரப்பிற்று. இரண்டு பகரங்களுக்கு இடையே நிற்பது புள்ளியாகத்தான் இருத்தல் வேண்டும். ‘கர’ என்பதன்பின் ஓட்டையும் ‘ப்பாயி’யும் வந்தால் அது கருப்பாயியே. சொன்முதல் ஓட்டையின்பின் ‘ழுமலை’ எனின் ஏகாரம். ‘யாக்கண்ணு’ எனின் ஐகாரம். அச்சமயம் தாமோதரம்பிள்ளை அவர்களை நினையாதிருக்க இயலவில்லை.

ஆனால் ஓரிடத்தில் இலக்கணம் எம்மைக் கைவிட்டது. கைவிட்டதுமன்றித் தவறான வழியையும் காட்டிற்று. ராஜ என்று எழுதி ஓட்டை நின்ற பெயர்கள் மூன்று இருந்தன. அது ராஜு ஆகலாம். ராஜ் எனவும் ஆகலாம். வல்லொற்று மொழியிறுதியில் நில்லாது என்னும் மரபைக் கொண்டு மூன்றையும் ராஜு என்றே நிரப்பலாம் என்றார் உடனிருந்த ஆசிரியர். எனக்கு அது பொருந்தவில்லை. இன்றைய தோட்டத்துப் பெற்றோர் நன்னூலைப் பார்த்துப் பிள்ளைக்குப் பெயரிடுவதில்லையே.

கணினி வந்தபின் கழிக்கத்தக்கன என்று ஒதுக்கிய பழைய இடாப்புகள், நற்பேறாக, எரிக்கப்படாமல் விறகறையின் மேற்தட்டில் கிடந்தன. ஓரங்கள் பூஞ்சணம் பூத்திருந்தன. முதற் பெயர் ராஜு, இரண்டாவது ராஜ். மூன்றாவது பக்கத்தில் மை கரைந்து போயிருந்தது. அம்மாணவனின் தந்தையை அழைத்துக் கேட்டோம். வீட்டில் ராஜு என்றுதான் கூப்பிடுவதாகச் சொன்னார். பிறப்புச் சான்றிதழின் பிரதி பதிவாளர் அலுவலகத்திலிருந்து வரும்வரை அவ்வெழுத்தை நிரப்பாது விட்டோம். பிரதி சிங்களத்தில் இருந்தது. அங்கு இறுதியெழுத்து உகரமின்றி, ஒற்றாகவே தெளிவாக நின்றது.